கல்யாணியின் மிச்சம்: சபாச் செயலாளர்களுக்கு ஒரு நாயனக்காரனின் திறந்த மடல்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும் நிகழ்ச்சிக் குழுக்களில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

மார்கழிக்கான பட்டியல் உங்கள் மேசைகளில் தயாராகிக்கொண்டிருக்கும் நேரம் இது. யாருக்கு எந்த நாள், எந்த ஸ்லாட், யாருக்கு யார் பக்கவாத்தியம் என்று பேசி முடித்து அச்சுக்கு அனுப்புவதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்த சீசனில் உங்கள் சபாவில் ஏதாவது ஒரு நாள் சாயங்காலக் கச்சேரியை, இரண்டரை மணி நேரத்தையும் முழுதாக, நாயனத்துக்கு, அதாவது நாதஸ்வரத்துக்கு, கொடுங்கள். திறப்பு விழாவின் மங்கள இசையாக வேண்டாம். கச்சேரியாகக் கொடுங்கள்.

நான் 22 வருஷமாக இந்த ஊரில் வாசிக்கிறேன். காவிரிக்கரையில் மாமாவிடம் கற்றுக்கொண்டு வந்தவன். கோயில், கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். டிசம்பர் பிறந்தால் ஏதாவது ஒரு சபாவின் திறப்பு விழாவுக்கும் கூப்பிடுவார்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போவோம். குத்துவிளக்கு ஏற்றும்வரை வாசிப்போம். ஜனங்கள் நாற்காலி தேடிக்கொண்டு, தெரிந்தவர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு உள்ளே வரும் நேரம் அது.

சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு திறப்பு விழா. எந்த சபா என்பது முக்கியமில்லை. அரை மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணி ராகத்தை எடுத்தேன். அன்றைக்கு ராகம் தானாக வந்தது. அப்படி வருகிற நாள் எல்லாருக்கும் எப்போதாவதுதான் அமையும். காந்தாரத்தைச் சுற்றி வந்து, மெல்ல மேலே ஏறி, நிஷாதத்தில் நின்றுவிட்டேன். மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். தவில்காரர் அண்ணன் குச்சியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது ஒரு தொண்டர் மேடை ஓரமாகக் குனிந்து வந்து துண்டுச் சீட்டை வைத்தார். ‘சீஃப் கெஸ்ட் வந்தாச்சு, மங்களம் வாசிச்சுடுங்க.’ மணியைப் பார்த்தேன். தொடங்கிப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

வாசித்து முடித்தோம். வேறு என்ன செய்வது?

வெளியே வண்டியில் தவிலை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேன்டீன் பக்கமிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். “தம்பி, மேல் ஷட்ஜத்துக்குப் போகவே இல்லையே நீங்க. மிச்சக் கல்யாணியை எங்கே வந்து கேக்கலாம்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த சீசனில் எனக்கு வேறு மேடை கிடையாது. கடைசியில், “தை மாசம் மந்தைவெளியில ஒரு கல்யாணம் வாசிக்கிறேன், அங்கே வரீங்களா ஐயா?” என்று கேட்டேன். அழைப்பில்லாத கல்யாணத்துக்கு வாருங்கள் என்று ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட எனக்கு நாக்கு கூசியது. ஆனால் வந்தார். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து எல்லாரும் பந்திக்குப் போன பிறகு, காலியாகிப்போன மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் பாட்டியும் சாப்பிடப் போகாமல் முன்னால் இருந்தார். அந்த இரண்டு பேருக்காக நாற்பது நிமிஷம் கல்யாணி வாசித்தேன். என் வாழ்க்கையில் சென்னையில் நான் வாசித்த நல்ல கச்சேரி அதுதான். அது உங்கள் மேடையில் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

நாயனத்துக்கு நேரம் வேண்டும். இது மரியாதையைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை, வாத்தியத்தின் இயல்பே அப்படி. நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் மணிக்கணக்காகப் போகும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். பாடகர் ஜி.என்.பி.யின் பிருகாவை, அந்த வேகமான ஸ்வர உருட்டல்களை, கொண்டாடும் ரசிகர்களுக்கு, அந்தப் பாணிக்குப் பின்னால் பிள்ளையின் நாயனம் இருந்தது என்பதும் தெரியும். வாய்ப்பாட்டு எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதெல்லாம் அந்த நீண்ட ஆலாபனையிலிருந்து எடுத்தது. இருபது நிமிஷத்தில் அதில் எதைக் காட்டுவது? எங்களுக்கும் தவிலுக்கும் மட்டுமே சொந்தமான ரக்தி என்று ஒரு வாசிப்பு வகை இருக்கிறது. என்னிடம் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் இரண்டு வருஷம் உட்கார்ந்து அதைப் பாடம் பண்ணியிருக்கிறான். தவிலோடு சேர்ந்து அது விரிந்து வர முக்கால் மணி நேரமாவது வேண்டும். இந்த நகரத்தில் எந்த மேடையில் அவன் அதை வாசிப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. முதலாவது, ‘உள்ளே வாசித்தால் சத்தம் தாங்காது.’ இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

காதைத் துளைக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது குட்டையான பழைய திமிரி நாயனத்தை. நாங்கள் இன்று வாசிப்பது பாரி நாயனம். நீளம் அதிகம், சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை. ராஜரத்தினம் பிள்ளை காலத்திலேயே நாயனத்தின் சுருதி கீழே இறங்கிவிட்டது. கபாலீஸ்வரர் கோயிலில் அர்த்தஜாமம் முடிந்து பள்ளியறைக்குப் போகும் நேரத்தில் ஒருநாள் வந்து நில்லுங்கள். நீலாம்பரி ராகத்தை அங்கே நாங்கள் எவ்வளவு அடக்கி வாசிக்கிறோம் என்று கேளுங்கள். குழந்தையைத் தூங்க வைக்கிற வாசிப்பு அது.

அரங்கத்தில் காது வலிக்கிறது என்றால் பெரும்பாலும் மைக்தான் காரணம். ஆடியோக்காரர் நல்ல எண்ணத்தோடு மைக்கைக் கொண்டுவந்து நாயனத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் வைப்பார். நாயனத்தின் ஒலி அணசு வழியாக மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. அணசுக்கு நேரே வைத்தால் கீழ் ஸ்வரங்கள் இடிக்கும், மேல் ஸ்வரங்கள் ஒல்லியாகிவிடும். ஒரே ஒரு மைக்கை நாலடி தள்ளி, துளைகளின் உயரத்துக்கு வைத்தால் போதும். தவிலுக்கு மைக்கே வேண்டாம். ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கத்தில் எதுவுமே இல்லாமலும் வாசிக்க முடியும். எங்கள் முன்னோர்கள் நாலு மாடவீதிக்கும் கேட்க வாசித்தவர்கள்.

இன்னொன்று ஏசி. இதை எந்தச் செயலாளரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் வாய் திறந்து சொன்னதில்லை. வாயில் வைத்து ஊதும், நாணலில் செய்த சீவாளி ஈரத்தில்தான் பேசும். அறை காய்ந்து குளிர்ந்திருந்தால் வாயிலிருந்து எடுத்த இரண்டாவது நிமிஷம் இறுகத் தொடங்கிவிடும். நாயனத்தின் மரக்குழலான உலவும் குளிர்ந்துபோய்ச் சுருதி இறங்கும். ஊத ஊதச் சூடேறி மறுபடி மேலே போகும். நாயனத்தோடு கயிற்றில் ஏழெட்டு சீவாளியும் ஒரு குச்சியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காகக் கட்டியது இல்லை. ஒன்று ஒத்துவராவிட்டால் அடுத்ததை எடுத்து, வாயில் நனைத்து, குச்சியால் விரித்துப் பார்த்து மாட்ட வேண்டும். வாத்தியம் அரங்கத்துக்குப் பழகவே பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். அது பழகும் நேரத்தில்தான் எங்கள் ஸ்லாட் முடிந்துபோகிறது. எங்களை நீங்கள் கேட்பதெல்லாம் சுருதி சேர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான். பிறகு, ‘நாயனத்தில் சுருதி நிற்காது’ என்று பேச்சு.

இரண்டாவது காரணம் டிக்கெட். ஆள் வராது என்கிறீர்கள். முழுக் கச்சேரி வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். பங்குனியில் அறுபத்துமூவருக்கு மயிலாப்பூரில் வரும் கூட்டத்தை நான் சொல்லவில்லை. அது சாமிக்கு வரும் கூட்டம். ஆனால் சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் புறப்பாட்டு இசையான மல்லாரி தொடங்கியதும் தேர்க்கயிற்றை விட்டுவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். தெற்கு மாடவீதி முனையிலிருந்து வடக்கு மாடவீதிவரை கூடவே நடந்து வருவார்கள். பொங்கலுக்குச் சென்னை சங்கமத்தில் பூங்காக்களில் நையாண்டி மேளம் வாசிக்கும்போது இளம்பிள்ளைகள் எப்படிச் சூழ்ந்துகொள்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கு உங்கள் அரங்கத்தின் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது. பட்டியலில் ஒரு நாயனக் கச்சேரி இருந்தால் தேடிக்கொண்டு வருவார்கள்.

செலவும் உண்டு, மறைக்கவில்லை. இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம் என்று ஐந்து பேர் வருவோம். ஆனால் ஒருவருக்கு ஆகும் சன்மானத்தை ஐந்து பேருக்குப் பிரித்துக்கொடுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சில சபாக்கள் நாயனத்துக்கென்றே தனி விழா வைப்பது உண்டு. அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. நான் கேட்பது அதற்கு மேல் ஒரு படி. வாய்ப்பாட்டு, வயலின், வீணை, புல்லாங்குழல் எல்லாம் வரும் அதே வரிசையில், அதே சீசன் டிக்கெட்டில், நாயனமும் வர வேண்டும். மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. சீசனுக்கு நூறு வயது ஆகப்போகிறது. ஒரு காலத்தில் எங்களை உள்ளே உட்கார வைக்காமல் வாசலில் நிறுத்தியதற்குக் காரணம் இசை அல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1998-ல் எங்கள் நாயனக்காரர் ஷேக் சின்ன மௌலானா சாகிப்புக்கு அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கொடுத்தபோது எங்கள் தெருவில் சர்க்கரை கொடுத்தோம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் அப்படித்தான் மகிழ்ந்தோம். இடித்த பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி, கடைந்து, துளைபோடும் கைகளுக்குக் கிடைத்த பெருமை அது. 2017-ல் யுனெஸ்கோ இந்த ஊரை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த நகரத்தில் நாயனத்துக்கு ஒரு முழு மாலை கேட்பது அதிகமா?

கொடுத்தால் எங்கள் தரப்பில் நான் சொல்லக்கூடியவை: மதியம் மூன்று மணிக்கே அரங்கத்துக்கு வந்துவிடுவோம். உங்கள் ஆடியோக்காரரோடு உட்கார்ந்து மைக்கைச் சரிபார்த்துக்கொள்கிறோம். ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும், நிறுத்த வேண்டாம். உருப்படிப் பட்டியலை முன்கூட்டியே தருகிறோம். எனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. என்னைவிட நன்றாக வாசிக்கிற இருபது பேரின் பெயரைச் சொல்வேன், பெண்களும் அதில் இருக்கிறார்கள்.

அந்தப் பெரியவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கார்த்திகை பிறந்ததும் போன் செய்து, “இந்த வருஷம் எங்கே தம்பி?” என்று கேட்பார். அவர் ஆட்டோ வைத்துக்கொண்டு, பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வர வேண்டும். அதனால் நாளும் நேரமும் முடிவானதும் எனக்குச் சீக்கிரமே தெரிவித்துவிட்டால் அவரிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
மயிலாப்பூரில் வசிக்கும் ஒரு நாயனக்காரன்