செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கமும் ஸலாமும்.

வழமையான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாந்தக் கூட்டங்கள் நடந்தன. துறையடிச் சிரமதானமும் நடந்தது, குப்பைதான் குறைந்தபாடில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு சங்கத்தில் அதிகம் பேசப்பட்டது, ஓடைக்குக் குறுக்கே பீப்பாய்களைக் கட்டி மிதவைப் பாலம் போடலாம் என்று இளைஞர்கள் கொண்டுவந்த யோசனை. நல்ல யோசனை என்றுதான் பலரும் நினைத்தோம். 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரை கொழும்பில் களனி கங்கையை வள்ளங்களை வரிசையாகக் கட்டிய பாலத்தில்தானே கடந்தார்கள்? அமெரிக்காவின் சியாட்டிலில் ஏரி ஆழம், அடியோ சேறு. தூண் இறக்க வழியில்லாமல் உள்ளே வெற்றிடம் விட்ட கொங்கிரீட் பெட்டிகளை மிதக்கவிட்டு, நங்கூரம் போட்டு, மேலே வாகனம் ஓட்டுகிறார்கள். 2016இல் திறந்த பாலம் 2,300 மீற்றருக்கும் மேல் நீளம்.

சரி, நம்முடைய ஓடைக்கு வருவோம். 200 லீற்றர் பீப்பாய் முழுக்க அமிழ்ந்தால் ஏறக்குறைய 190 கிலோ தாங்கும். பாதிக்கு மேல் ஏற்றாமல் இருப்பதே புத்தி. பாரத்தை இப்படிக் கணக்குப் பார்த்துவிடலாம், ஓட்டை விழுவதை யார் பார்ப்பது? சியாட்டிலிலேயே 1940இல் கட்டிய பாலம் 1990 நவம்பரில் மூழ்கியது பாரத்தால் அல்ல. திருத்த வேலை நடந்துகொண்டிருந்தபோது புயலில் மிதவைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றும் மிதவையான பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்ததை இந்தக் கூட்டத்தில் யாரும் மறக்கவில்லை.

மார்கழி வெள்ளத்தில் ஓடை இழுக்கும் இழுவைக்கு எந்த நங்கூரமும் நிற்காது என்று மீன்பிடிக்கும் அங்கத்தவர்கள் சொன்னார்கள். வள்ளங்கள் போய்வரப் பாலத்தின் நடுத்துண்டைத் திறந்து மூடவும் ஆள் வேண்டும். சம்பளம் யார் கொடுப்பது என்று கேட்டதும் கூட்டம் அமைதியானது.

ஆகவே பாலத்துக்குப் பதிலாக, குடாப் பக்கம் மிதவை இறங்குதுறை ஒன்று அமைக்கத் தீர்மானித்தோம். நம் கடலில் ஏற்றவற்று ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அதற்கு வசதி. பீப்பாய்களுக்குள் ரெஜிபோம் என்ற மிதக்கும் நுரைப்பொருளை அடைப்பது, வாடைக்கு முன் கழற்றிக் கரையேற்றுவது, ஓட்டை பார்க்க முறை வைப்பது என்பவையும் தீர்மானத்தில் உண்டு. ஓடைக்குத் தூண் போட்ட பாலமே வேண்டும் என்று பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுத்துள்ளோம். முறைப் பட்டியலில் இன்னும் பெயர் தராதவர்கள் கூட்டம் முடிந்து போகுமுன் என்னிடம் தந்துவிடுங்கள்.

செயலாளர்