வட்டாரக் கூட்டு வேதபாடச் சங்கம்: 2025-ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆயர் பெருமக்களே, பங்குத்தந்தை அவர்களே, உபதேசியார்களே, தரங்கம்பாடி, பொறையாறு வட்டாரத்து அங்கத்தினர்களே, அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டின் பாடங்களை நிர்வாகக் குழு ஒரே பொருளில் அமைத்தது: நம் சபைகள் எங்கெங்கே பிரிந்தன, அந்தப் பிரிவுகளுக்கெல்லாம் அடியில் கிடக்கும் யூத வேர் என்ன. இதற்கு 2025-ஐ விடப் பொருத்தமான ஆண்டு அமையாது. திருச்சபை ஆயர்களின் நிசேயாச் சங்கம் 325-இல் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்தன. கீழைச் சபைகளும் (ஆர்த்தடாக்ஸ்) மேலைச் சபைகளும் (கத்தோலிக்க, புரொட்டஸ்டன்ட்) ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் ஈஸ்டர் கொண்டாடின. யூதரைப் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபை புதிய வழியில் பேசத் தொடங்கிய 'நோஸ்த்ரா ஏதாத்தே' அறிக்கைக்கு அக்டோபர் 28-இல் அறுபது வயது.

முதல் பாடம் பத்துக் கட்டளைகள். லூத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து "ஆறாம் கட்டளை என்ன?" என்று கேட்டால் இரண்டு பதில் வரும். சி.எஸ்.ஐ. பிள்ளை "கொலை செய்யாதே" என்பான். லூத்தரன் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் "விபசாரம் செய்யாதே" என்பார்கள். மூவரும் தத்தம் ஞானோபதேசத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். வேதத்தில் பத்து என்ற தொகை இருக்கிறதே தவிர, ஒவ்வொன்றுக்கும் எண் போடப்படவில்லை. யூதர்கள் "உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்ற அறிவிப்பையே முதல் வார்த்தையாக எண்ணுகிறார்கள். அந்நிய தேவர்களும் விக்கிரகமும் சேர்ந்து இரண்டாவது. பண்டைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீனார் வழியில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அந்த இரண்டையும் சேர்த்து முதல் கட்டளையாக்கி, கடைசியில் இச்சையை இரண்டாகப் பிரித்துப் பத்தை நிரப்புகிறார்கள். ஆங்கிலிக்கன், சீர்திருத்த மரபு விக்கிரகத்தைத் தனிக் கட்டளையாக்குகிறது. அதனால் அங்கிருந்து எண் ஒன்று தள்ளிப்போகிறது. கத்தோலிக்கரும் லூத்தரன்களும்கூட முடிவில் சற்று விலகுகிறார்கள். உபாகம வரிசைப்படி கத்தோலிக்கருக்கு ஒன்பதாவது பிறன் மனைவி. யாத்திராகம வரிசைப்படி லூத்தரன்களுக்குப் பிறன் வீடு. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருவில் வாழும் நம் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாமல் இருந்தது எனக்கு வருத்தமே. இனி கூட்டு வகுப்புகளில் கட்டளையை எண்ணால் சொல்லாமல் வசனத்தால் சொல்வது என்று தீர்மானித்தோம்.

அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றும்போது ஒரு தவறு நேர்ந்தது. அதையும் பதிவு செய்கிறேன். பிப்ரவரிப் பாடத்தாளில் 'விப 20:13' என்று அச்சாகிவிட்டது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வைத்திருப்பவர்களுக்கு அது விடுதலைப் பயணம் என்பது உடனே தெரிந்தது. பழைய வேதாகமம் வைத்திருந்தவர்கள் அப்படி ஒரு புத்தகமே இல்லையே என்று தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் அது யாத்திராகமம். மார்ச் முதல் எல்லாத் தாளிலும் இரண்டு பெயரும் முழுதாக வருகின்றன. சங்கீதம் என்பதும் திருப்பாடல் என்பதும், சுவிசேஷம் என்பதும் நற்செய்தி என்பதும், பரிசுத்த ஆவி என்பதும் தூய ஆவி என்பதும் ஒன்றே என்று நம் பிள்ளைகள் வாய்ப்பாடுபோல் அறிந்திருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அருளப்பர் யோவான்தான், இராயப்பர் பேதுருதான், சின்னப்பர் பவுல்தான். கடவுளின் பெயரும் நம் மண்ணில் இப்படியே மாறிவந்தது: வேதத்தைத் தமிழாக்கிய மிஷனரிகளில் சீகன்பால்கு சருவேசுரன் என்றார், பப்ரீசியுஸ் பராபரன் என்றார், பவர் என்பவரின் 1871 வேதாகமத் திருத்தம் தேவன் என்றது. யாரும் மொழிபெயர்க்காமல் விட்டவை ஆமென், அல்லேலூயா, ஓசன்னா. எந்தச் சபையின் ஆராதனைக்குப் போனாலும் தமிழன் அந்த மூன்று எபிரேயச் சொற்களைச் சொல்லாமல் திரும்புவதில்லை.

வேதாகமத்தின் அளவைப் பற்றிய பாடம் சுருக்கமாக நடந்தது. எபிரேய வேதத்தில் 24 புத்தகங்கள். சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஒவ்வொன்றும் ஒரே புத்தகம். எஸ்றாவும் நெகேமியாவும் சேர்ந்து ஒன்று. சிறு தீர்க்கதரிசிகள் பன்னிருவரும் சேர்ந்து ஒன்று. அவற்றைப் பிரித்து எண்ணினால் புரொட்டஸ்டன்ட் சபைகளின் பழைய ஏற்பாட்டுப் புத்தகங்கள் 39. கத்தோலிக்கரின் 46, கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவசிந்தில் இருந்த தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகியவற்றோடு சேர்ந்தது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். யோவான் 10:22-இல் இயேசு பிரதிஷ்டைப் பண்டிகையில் தேவாலயத்தில் உலாவுகிறார். அந்தப் பண்டிகை எப்படி வந்தது என்பது புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் எங்கும் இல்லை, மக்கபேயரில்தான் இருக்கிறது.

ஏப்ரல் மாதம் ஈஸ்டர் தேதிக் கணக்குக்குப் போனது. இயேசு மரித்து உயிர்த்தது யூதரின் பஸ்கா பண்டிகைக் காலத்தில் என்பதால் ஈஸ்டர் கணக்கு பஸ்காவிலிருந்து தொடங்குகிறது. பஸ்கா எபிரேய நாட்காட்டியின் நிசான் மாதம் 14-ஆம் தேதி மாலை (லேவியராகமம் 23:5). எபிரேய மாதம் அமாவாசையை ஒட்டித் தொடங்குவதால் அது எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும். பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறை. அப்படியே விட்டால் வசந்தப் பண்டிகை குளிர்காலத்துக்கு நகர்ந்துவிடும். எனவே 19 ஆண்டுகளில் ஏழு முறை, நிசானுக்கு முந்தைய மாதமான ஆதார் ஒன்று கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. தெலுங்குப் பஞ்சாங்கத்தின் அதிக மாதத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்க நேரமாகவில்லை.

ஆசியா நாட்டுச் சபைகள் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) வாரத்தின் எந்த நாளானாலும் நிசான் 14-ஆம் தேதியையே அனுசரித்தன. ரோமாபுரி ஞாயிறு என்றது. சுமார் 155-இல் ஆசியாவின் சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பும் ரோமாபுரி ஆயர் அனிசெட்டுஸும் இதில் ஒத்துப்போகாமலே ஒன்றாக நற்கருணை பரிமாறிப் பிரிந்தார்கள். 190 வாக்கில் ரோமாபுரி ஆயர் விக்டர் ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்து விலக்கப் பார்த்தபோது லியோன் ஆயர் இரேனேயுஸ் தடுத்து எழுதினார். நிசேயா ஒரே ஞாயிறு என்று முடித்தது. ஆனால் யூதர்களின் கணக்கைப் பின்பற்றக் கூடாது என்ற நோக்கமும் அப்போதே அதில் கலந்திருந்தது. வேரை வெட்டும் பழக்கம் எங்கே தொடங்கியது என்று கேட்பவர்கள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கணக்கு இதுதான்: மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பௌர்ணமி ஞாயிறிலேயே வந்தால் அதற்கும் அடுத்த ஞாயிறு. 2025-இல் ஏப்ரல் 13 ஞாயிறு பௌர்ணமி, ஆகவே ஏப்ரல் 20. கீழைச் சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் அதே விதியைப் போடுகின்றன. அது இப்போது 13 நாள் பின்தங்கியிருக்கிறது. அவர்களுடைய மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. 2024-இல் நம் ஈஸ்டர் மார்ச் 31, பஸ்கா ஏப்ரல் 22 மாலை. ஈஸ்டருக்குப் பிறகு பஸ்கா எப்படி வரும் என்று பலர் கேட்டார்கள். அந்த எபிரேய ஆண்டில் கூடுதல் ஆதார் இருந்தது; அதனால் பஸ்கா அடுத்த பௌர்ணமிக்குப் போனது.

பஸ்காவில் யூதர்கள் உண்ணும் புளிப்பில்லா அப்பம் செய்துகாட்டும் வகுப்பை மகளிர் குழு பொறுப்பேற்று நடத்தியது. அரை கிலோ கோதுமை மாவுக்கு ஏறத்தாழ கால் லிட்டர் தண்ணீர். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. தண்ணீர் மாவைத் தொட்ட நொடியிலிருந்து அப்பம் வெந்து இறங்க 18 நிமிடம்தான் என்பது யூத மரபின் வரம்பு. அதற்கு மேல் மாவு தானாகப் புளிக்கத் தொடங்கியதாகக் கொள்வார்கள். ஆகவே ஒருவர் பிசைய, ஒருவர் தேய்க்க, ஒருவர் கல்லில் போட வேண்டும். முதல் ஈடு சப்பாத்திபோல் உப்பிவிட்டது. முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்தாததுதான் காரணம். இரண்டாம் ஈட்டை மெல்லியதாகத் தேய்த்து, விரலிடைக்கு ஒரு துளையாகக் குத்தியபின் தட்டையாக வெந்து மொறுமொறுப்பானது. தோசை மாவு கரைத்த பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதை எல்லாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். ஆனால் நம் வீடுகளில் கோதுமையைக் கழுவிக் காயவைத்து மில்லுக்குக் கொடுப்போமே, அதுவே யூத விதிப்படி தவறு என்பது யாருக்கும் தெரியவில்லை. ஈரம் பட்ட தானியம் புளிப்பின் சந்தேகத்துக்குள் வந்துவிடும். அவர்கள் பஸ்கா மாவை அறுவடையிலிருந்தோ அரைப்பிலிருந்தோ ஈரமின்றிக் காவல் காப்பார்கள். கத்தோலிக்கரின் நற்கருணை அப்பம் இன்றும் புளிப்பில்லாக் கோதுமை அப்பமே. கீழைச் சபைகள் புளித்த அப்பம் வைக்கின்றன. கீழை, மேலைச் சபைகள் பிரிந்த 1054-இன் பிளவில் இந்த அப்பமும் ஒரு வழக்காக இருந்தது.

பஸ்கா விருந்தையே நாம் நடத்தலாமா என்று கேட்டவர்களுக்கு நிர்வாகக் குழு வேண்டாம் என்று சொன்னது. இன்று யூதர்கள் நான்கு திராட்சரசக் கிண்ணங்களோடு அனுசரிக்கும் விருந்து முறை, 70-இல் தேவாலயம் இடிக்கப்பட்ட பிறகு உருவானது. இயேசுவின் கடைசி இராப்போஜனம் அப்படியே இதுதான் என்று சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தின் வீட்டுச் சடங்கை எடுத்து நாடகமாக்குவதும் மரியாதை அல்ல. யூதர்களைப்போல் கொம்பு ஊதுதல், ஜெபச் சால்வை போர்த்தல் ஆகியவற்றுக்கும் இதே பதில். இயேசு என்று சொல்வது பிழை, யெஷுவா என்றால்தான் ஜெபம் கேட்கப்படும் என்று கைபேசியில் சுற்றும் செய்திக்கும் பாடத்தில் விளக்கம் கொடுத்தோம். யெஷுவா என்பது யோசுவா என்ற பெயரின் சுருக்கம். இயேசுவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு அதை இயேசுஸ் என்றே எழுதியது.

ரோமர் 11-ஆம் அதிகாரப் பாடத்தில் ஒட்டுமாங்கன்று வளர்ப்பவர்கள் அதிகம் பேசினார்கள். நாம் நாட்டுக் கன்றை வேர்ச்செடியாக வைத்து அதில் நல்ல இனத்தின் குச்சியை ஒட்டுவோம். பவுல் தலைகீழாகச் சொல்கிறார்: நல்ல ஒலிவ வேரில் காட்டுக் கிளை. சுபாவத்துக்கு விரோதமாக என்று அவரே 24-ஆம் வசனத்தில் எழுதுகிறார். காட்டுக் கிளை யூதரல்லாத நாம். இஸ்ரவேலின் வேர் நம்மைச் சுமக்கிறது.

இதோடு சேர்த்து ஒரு கசப்பையும் படித்தோம். 1543-இல் லூத்தர் யூதருக்கு எதிராக எழுதிய நூல், அவர்களின் ஜெப ஆலயங்களை எரிக்கச் சொல்கிறது. லூத்தரன் மிஷன் 1706-இல் கரையிறங்கிய ஊரில் இதை மூடிமறைத்துப் பாடம் நடத்த முடியாது. லூத்தரன் உலக சம்மேளனம் 1984-இல் அந்த எழுத்துகளை மறுத்தது. புனித வெள்ளிப் பிரசங்கங்களில் "யூதர்கள் கொன்றார்கள்" என்று இன்னும் கேட்கிறோம். விசுவாசப் பிரமாணம் பொந்தியு பிலாத்துவின் பெயரைத்தான் சொல்கிறது. பிரசங்கிப்பவர்கள் அந்த வாக்கியத்தை விட்டுவிட வேண்டும் என்று சங்கம் எழுத்து மூலமாக எல்லாச் சபைகளையும் கேட்டிருக்கிறது.

நம் சொந்த ஊரின் பங்கு கடைசிப் பாடமாக வந்தது. 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் சபைகளின் இணைப்பைப் பற்றிப் பேச 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர எல்லாரும் இந்தியர். தோர்ணக்கல் பிஷப் அசரியா முன்னின்றார். நாம் உண்டாக்காத பிரிவினைகள் வெளியிலிருந்து நம்மீது சுமத்தப்பட்டன என்றார்கள். 28 ஆண்டுகள் கழித்து, 1947 செப்டம்பர் 27-இல், சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதே 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை அந்த இணைப்பில் சேரவில்லை. எல்லாப் பிரிவும் வெளியிலிருந்து வந்ததல்ல என்பதையும் பாடத்தில் சேர்த்தோம். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரில் பலர் சபையை விட்டு விலகினார்கள். பின்னர் சாதியில் கண்டிப்புக் காட்டாத ஜெர்மன் லூத்தரன் மிஷனான லைப்சிக் மிஷன் பக்கம் போனவர்கள் உண்டு. அந்தப் பிரிவுக்கு நிசேயாவும் காரணமல்ல, ஜெர்மனியும் காரணமல்ல.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். மண்டபம் தந்த சபைகளுக்கும் மகளிர் குழுவுக்கும் நன்றி.

2026-இல் ஒருமைப்பாட்டு ஜெப வாரம் ஜனவரி 18 முதல் 25 வரை. பஸ்கா ஏப்ரல் 1 மாலை, பெரிய வியாழன் ஏப்ரல் 2, ஈஸ்டர் ஏப்ரல் 5, கீழைச் சபைகளுக்கு ஏப்ரல் 12. அப்பம் செய்யும் வகுப்புக்குக் கழுவாத கோதுமை அரைத்த மாவு வேண்டும். மில்லில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருப்பதால் வருகிறவர்கள் மார்ச் 15-க்குள் பெயர் கொடுக்கவும். அவரவர் சபையின் வேதாகமத்தைக் கொண்டுவரவும்.

செயலாளர்