பாப்பாவை எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பாப்பா இந்த ஏப்ரலில் எட்டாம் வகுப்பை முடித்தாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில், 2015-ல் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்தவள். அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால் இந்த ஜூனில் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். இந்தப் பத்து வருஷமும் எங்களைத் தாங்கியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறோம். அப்படி ஒரு சட்டம் இருப்பதே அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும், ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பிறப்புச் சான்று, வருமானச் சான்று என்று எல்லாவற்றையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். சான்றிதழுக்காக நான் நடையாய் நடந்த நாட்களில் பாப்பாவைச் சாயங்காலம் வரை தன்னோடு வைத்துக்கொண்டார். குலுக்கலில் அவள் பெயர் வந்தபோது என்னைவிட அதிகமாக அழுதவர் அவர்தான்.

மூத்தவன் அப்போது மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. இந்த ஒதுக்கீட்டில் சேர்க்கை எல்.கே.ஜி.யில்தான் என்பதால் அவனுக்கு வழியில்லை. அவனுக்குப் புத்தகம், சீருடை எல்லாம் அரசு கொடுத்தது. பாப்பாவுக்குப் படிப்புக் கட்டணம் இல்லையே தவிர, புத்தகம், சீருடை, டை, இரண்டு ஜோடி ஷூ, ஆண்டு விழாவுக்கு வாங்கச் சொன்ன உடை எல்லாம் எங்கள் தலையில்தான் விழுந்தன. வண்டியில் சம்பாதித்ததில் பெரும்பகுதி அவளுக்கே போனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தான்.

இரண்டாவது மாடி அம்மாவுக்கு நன்றி. அவர் மகள் பாப்பாவுக்கு ஒரு வகுப்பு மேலே. வருஷா வருஷம் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, என் கையில் தராமல் பாப்பா கையில் தருவார். பழசு என்ற சொல் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. “அக்கா ஓரத்துல குறிப்பெல்லாம் எழுதி வச்சிருக்கா, பாத்துக்கோ” என்பார்.

பாப்பா மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று, “உங்கப்பாதானே எங்க யூனிஃபார்ம் தேய்க்கிறார்?” என்று கேட்டிருக்கிறது. தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றோடு பாப்பா வண்டிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளி விட்டதும் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அப்புறம் 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள். எல்லாரும் வீட்டிலேயே இருந்து வேலை பார்த்தால் சட்டையை யார் தேய்க்கக் கொடுப்பார்கள்? வண்டி மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நான்காவது மாடி ஐயா ஒரு துணிகூடப் போடாமல் மாதா மாதம் வழக்கமான பணத்தைக் கொடுத்தனுப்பினார். ஐயா, அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அரிசி நீங்கள் கொடுத்தது.

வீட்டில் இருந்தது ஒரே போன். மூத்தவன் அதைத் தங்கைக்கு விட்டுவிட்டுக் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்தான். மற்ற பிள்ளைகளுக்குப் பின்னால் புத்தக அலமாரியும் திரைச்சீலையும் தெரியும். எங்கள் வீட்டில் துணிக்கொடியும் பாத்திரமும். பாப்பா கேமராவைப் போட மறுத்தாள். நாங்கள் யாரும் சொல்லாமல், தேய்த்து வைத்திருந்த வெள்ளைப் போர்வை ஒன்றை அவன் கயிற்றில் கட்டி அவளுக்குப் பின்னால் தொங்கவிட்டான். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயசுகூட நிறையவில்லை.

அந்த வருஷத்துத் தமிழ் மிஸ்ஸுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? வீட்டில் யாராவது செய்யும் வேலையைப் பார்த்துவிட்டு வந்து விளக்கச் சொன்னார். பாப்பா ரொம்ப நாள் கழித்து அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பருத்தியில் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைப்பது, பட்டுக்கு மேலே துணி போட்டுத் தேய்ப்பது, காலரை முனையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவருவது எல்லாவற்றையும் அவர் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் வகுப்புக்கு முன்னால், இஸ்திரிப் பெட்டி தெரியவேண்டும் என்று அந்தப் போர்வையை அவளே அவிழ்த்தாள். மிஸ் பரிதாபப்படவில்லை, ஆகா ஓகோ என்று புகழவும் இல்லை. “காலரை நடுவிலிருந்து தேய்த்தால் என்ன ஆகும்?” என்று கேட்டார். “முனையில சுருக்கம் விழும் மிஸ்” என்றாள். அவள் அப்பா அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது சேர்த்திருக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியருக்கும் நன்றி. தனியார் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவி எல்லாம் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். எட்டு வரை இந்தச் சட்டத்தில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் உண்டு என்று அவர்தான் பொறுமையாக விளக்கினார். என்னைப் போலப் பயப்படும் பெற்றோருக்காக இதை இங்கே எழுதுகிறேன்.

கடைசியாக மூத்தவனுக்கு.

தம்பி, ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள், “எனக்கு ஏம்மா குலுக்கல் இல்லாமப் போச்சு?” என்று கேட்டாய். அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. போன வருஷம் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் தினமும் அவளை ஏற்றிக்கொண்டு போனாய். தெருமுனையில் இறக்கிவிடவா என்று நீ கேட்க, கேட் வரைக்கும் போ அண்ணா என்று அவள் சொன்னாளாம். அதை அவள்தான் என்னிடம் சொன்னாள்.

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே பள்ளி, நீ பன்னிரண்டு, அவள் ஒன்பது. கேரியரில் உட்கார்ந்தால் வலிக்கிறது என்கிறாள். இஸ்திரி மேஜையில் போட்டிருந்த பழைய கம்பளியை மடித்துத் தைத்துத் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.