லாவோஸை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பனிப்போர் கட்டுரையைப் படித்தேன். பெர்லின் சுவர், கியூபா ஏவுகணை நெருக்கடி எல்லாம் தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் அணுகுண்டு பயம் இருந்ததால்தான் நாற்பது ஆண்டுகள் உலகம் தப்பித்தது என்று கட்டுரையாளர் முடித்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. தப்பித்தது வாஷிங்டனும் மாஸ்கோவும்தான். இருவரும் நேருக்கு நேர் மோதப் பயந்தபோது சண்டை அடுத்தவர் மண்ணில் நடந்தது. அப்படி அடிவாங்கிய, வியட்நாமின் பக்கத்து நாடான லாவோஸின் பெயர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை.

1962இல் 14 நாடுகள் ஜெனீவாவில் கூடி, லாவோஸ் நடுநிலை நாடு என்று கையெழுத்திட்டன. அதைக் கண்காணிக்கும் ஆணையத்துக்குத் தலைமை நம் இந்தியா. கனடாவும் போலந்தும் உடன் இருந்தன. இரு தரப்புமே அந்த ஒப்பந்தத்தை மதிக்கவில்லை. வடவியட்நாம் தன் படைகளை முழுதாகத் திரும்பப் பெறவில்லை. தெற்கு வியட்நாமில் நடந்த போருக்கு அது ஆளும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதை லாவோஸ் காடுகள் வழியாகத்தான் போனது. அமெரிக்காவோ கம்யூனிசத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி, தன் உளவு அமைப்பான சி.ஐ.ஏ. மூலம் லாவோஸின் ஹமோங் மலைவாழ் மக்களைத் திரட்டி, ஹமோங் தளபதி வாங் பாவ் தலைமையில் ஒரு ரகசியப் படையையே நடத்தியது.

அப்புறம் வானிலிருந்து வந்தது. 1964 முதல் 1973 வரை சுமார் 5,80,000 தடவை அமெரிக்க விமானங்கள் பறந்து 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு போட்டன. நாட்டின் மக்கள்தொகை அப்போது 30 லட்சத்தைத் தொட்டிருக்காது. வகுத்துப் பாருங்கள்: ஒன்பது ஆண்டுகள், இரவு பகலாக, ஏறக்குறைய எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. 1968 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் வடவியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தியதும் அந்த விமானங்கள் லாவோஸ் பக்கம் திருப்பிவிடப்பட்டன. வேலையில்லாமல் நிற்கும் விமானங்களை என்னதான் செய்வது என்கிற பொருளில் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவரே செனட் குழுவிடம் சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

போட்டவற்றில் கொத்துக்குண்டுகள்தான் கொடுமை. ஓர் உறை வானில் திறந்தால் அதிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் சிதறும். பல டென்னிஸ் பந்து அளவுதான். மொத்தம் 27 கோடி என்பது கணக்கு. அதில் சுமார் 8 கோடி வெடிக்காமல் வயலிலும் மூங்கில் புதரிலும் தங்கிவிட்டன. போர் முடிந்த பிறகு இவற்றால் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 20,000 பேருக்கு மேல். பந்து என்று எடுத்து விளையாடிய குழந்தைகள் அதில் நிறைய. சியெங் குவாங் பகுதியில் பெரிய குண்டு உறைகளை நெல் குதிருக்கு முட்டுக்காலாக நட்டிருக்கிறார்கள். பிளந்த உறையில் மண் நிரப்பி வெங்காயத்தாள் வளர்க்கிறார்கள். பான் நாப்பியா கிராமத்தில் போர்க்கால அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் கரண்டி வார்த்துச் சந்தையில் விற்கிறார்கள்.

சரி, கம்யூனிசமாவது தடுக்கப்பட்டதா? 1975 டிசம்பரில் லாவோஸ் கம்யூனிஸ்டுகளின் இயக்கமான பாத்தெட் லாவோ ஆட்சியைப் பிடித்தது. இன்றும் அதே கட்சிதான் ஆள்கிறது. அமெரிக்காவை நம்பிச் சண்டையிட்ட ஹமோங் மக்கள் மெக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடினார்கள். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் லாவோஸுக்குப் போகவே 2016 ஆயிற்று. வெடிக்காத குண்டுகளை அகற்ற ஒபாமா மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்.

பழைய கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை. கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் 2008 ஒப்பந்தத்தில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா எதுவும் சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை. உக்ரைனில் ரஷ்யா இவற்றை வீசியது. 2023இல் அமெரிக்காவும் உக்ரைனுக்குக் கொடுத்தது. சேர்ந்திருந்த லிதுவேனியா 2025இல் விலகிவிட்டது.

லாவோஸின் நடுநிலையைக் கண்காணிக்கத் தலைமை தாங்கிய இந்தியா இந்த ஒப்பந்தத்தில் ஏன் கையெழுத்திடவில்லை என்பதை விவரம் தெரிந்த யாரையாவது எழுதச் சொல்லுங்கள். அதோடு நல்ல வரைபடம் ஒன்றும் போடுங்கள். சென்ற இதழ் படத்தில் விளக்கக் குறிப்புக் கட்டம் லாவோஸ் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மன்னார்குடி