புகார்: ஆர்எக்ஸ்-7க்கு என்று நீங்கள் விற்ற இன்டர்கூலர்

பொருள்: மார்ச் மாதம் வாங்கிய இன்டர்கூலர் செட், பணத்தைத் திருப்பித் தரக் கோருவது

விற்பனைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் மாதம் 4,200 ரிங்கிட் கட்டி உங்களிடம் இன்டர்கூலர், அதாவது டர்போ அமுக்கிச் சூடாக்கும் காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் குளிரவைக்கும் சாமான், வாங்கியவன் நான்தான், என் வண்டி 1996 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7, எஃப்டி என்று சொல்லும் தலைமுறை. போனில் மூன்று தடவை பேசியிருக்கிறோம், மூன்று தடவையும் தமிழில்தான், அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

என் புகார் ஒன்றுதான். இந்த இன்டர்கூலரை நீங்கள் ஒரு எஃப்டியில் மாட்டிப் பார்க்கவே இல்லை, ஆனால் மாட்டிப் பார்த்ததாகச் சொல்லி விற்றீர்கள். ஒரே ஒரு நாள் மாட்டி ஓட்டியிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை நான் நாலு மாதம், இரண்டு டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் மெஷின்) சோதனை, செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு டிராக் டே என்று கைக்காசு போட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவன் இல்லை. கம்பெனியிலிருந்து வரும் இன்டர்கூலர் இந்த வண்டிக்குச் சின்னது, இரண்டு பக்கமும் காற்று நுழைந்து வெளியேறும் பிளாஸ்டிக் டாங்க், அதுவும் இந்த வயதில் எப்போது விரிசல் விடும் என்று சொல்ல முடியாது. மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தபோது மூன்று வழி இருந்தது. ஃப்ரன்ட் மவுண்ட் போட்டால் ரேடியேட்டருக்கு முன்னால் போய் நின்று காற்றை மறைக்கும், ஏற்கெனவே சூட்டுக்குப் பேர்போன 13பி ரோட்டரி எஞ்சினுக்கு, நம் ஊர் வெயிலில், அது வேண்டவே வேண்டாம். வி-மவுண்ட் நல்ல அமைப்புதான், ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் வி மாதிரி சாய்த்து ஆளுக்குக் கொஞ்சம் காற்று என்று பிரித்துக் கொடுக்கும், ஆனால் ரேடியேட்டரை இடம் மாற்ற வேண்டும், ஏர்கான் குழாயைத் தொட வேண்டும், ஏர்கான் இல்லாமல் கோலாலம்பூர் டிராஃபிக்கில் என் மனைவி இந்த வண்டியில் ஏறமாட்டார். அதனால் பழைய இன்டர்கூலர் இருந்த அதே இடத்தில் உட்காருகிற பெரிய கோர் (காற்று குளிரும் நடுப்பகுதி) உள்ளதைத் தேடினேன், உங்களுடையது கிடைத்தது. "நேராக மாட்டிக்கொள்ளலாம், எஃப்டியில் டெஸ்ட் செய்தது, 30 குதிரைத்திறன் கூடும்." இது உங்கள் விளம்பரத்தில் இருந்த வரி, நான் சேர்த்தது எதுவும் இல்லை. போனில் பேசிய தம்பியிடமும் கேட்டேன், எஃப்டியில்தானே டெஸ்ட் செய்தீர்கள் என்று. "ஆமாண்ணே, நம்ம பட்டறை வண்டியிலேயே" என்றார்.

சரி, பெட்டி வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. பாலிஷ், லோகோ, எல்லாம். மாட்டுவதற்கு முன் டாங்க் உள்ளே கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி ஒரு வெள்ளைத் துணியில் வடித்தேன், இது எந்தப் புது இன்டர்கூலருக்கும் நான் செய்வது. துணியில் மினுமினு என்று அலுமினியத் துகள். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, ஏழாவது தடவை ஊற்றின பிறகுதான் துணி வெள்ளையாக வந்தது. அதில் ஒரு துண்டு அரிசிக் குருணை அளவு இருந்தது, டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பிஸ்டன் எஞ்சினுக்கே அது ஆகாது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சினில், ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனையிலும் 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு அபெக்ஸ் சீல் நிற்கிறது, முழு கம்ப்ரெஷனும் அந்த மெல்லிய பட்டையை நம்பித்தான். அந்தக் குருணை உள்ளே போய் ஒரு சீல் உடைந்தால், உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியாகப் பறந்து டர்போவின் சக்கரத்தையும் கடித்துவிட்டுத்தான் போகும். எஃப்டி உற்பத்தியை மாஸ்டா 2002இல் நிறுத்தியாயிற்று, எஞ்சின் பிரித்துக் கட்ட என்ன செலவாகும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை.

துகள் எங்கிருந்து வந்தது என்று டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். காற்று நுழையும் குழாயை டாங்கோடு சேர்த்த இடத்தில் வெல்டிங் உள்பக்கம் உருகி வழிந்து ஒரு வளையமாக நிற்கிறது. குழாயின் உள்விட்டம் 59 மில்லிமீட்டர், அந்த வளையத்தில் அளந்தால் 51. கணக்குப் போட்டுப் பாருங்கள், காற்று போகிற வழியில் கால் பங்கு அங்கேயே அடைபட்டுவிட்டது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அது என் தப்பு. உங்கள் தம்பி "அது ஒண்ணும் பண்ணாதுண்ணே" என்றார், நானும் நம்பினேன்.

அப்புறம் மாட்டுகிற கதை. நேராக மாட்டிக்கொள்ளலாம் என்றீர்கள். பேட்டரி இடிக்கிறது, சின்ன பேட்டரி வாங்கினேன். கம்பெனி ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி) மூடவில்லை, அதையும் மாற்றினேன். இதெல்லாம் இந்த மாதிரிப் பெரிய கோருக்கு வழக்கம்தான், சொல்லிவிட்டு விற்றிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். ஆனால் டக்ட் விஷயத்தை விடமாட்டேன். பம்பர் வாயிலிருந்து கோருக்குக் காற்றைக் கொண்டுவர நீங்கள் கொடுத்த ஃபைபர் டக்ட், கோரின் முகத்தைத் தொடாமல் 28 மில்லிமீட்டர் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு விரலைச் சேர்த்து நுழைக்கலாம். முன்னாலிருந்து வருகிற குளிர்ந்த காற்று அந்த இடைவெளியில் நழுவிப் போய்விடும், பக்கத்தில் ரேடியேட்டர் வேறு கொதிக்கக் கொதிக்கக் காற்றைக் கக்கிக்கொண்டிருக்கிறது, கோர் அதைத்தான் வாங்கும். காற்றுக்கு மெனக்கெட்டு கோரின் அடர்ந்த ஃபின் தகடுகளுக்குள் நுழைய என்ன தலையெழுத்து, சுற்றிப் போக வழி இருக்கும்போது?

இதை வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்றுதான் சோதித்தேன். என் மகளின் பள்ளி ரிப்பனை விரல் நீளத்துக்கு ஆறு துண்டாக வெட்டி, கோரின் பின்பக்க ஃபின்களில் கட்டினேன். பானெட்டுக்குள் ஒரு சின்ன கேமராவையும் எல்இடி விளக்கையும் ஒட்டி, மூடி, ஷா ஆலம் நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போய் வந்தேன். வீடியோவை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், நீல டிக் விழுந்திருக்கிறது. மேலே இருந்த இரண்டு ரிப்பன் லேசாக ஆடுகிறது. அடுத்த மூன்றும் ஈரத்துணி மாதிரி தொங்குகின்றன. ஆறாவது, ரேடியேட்டர் பக்கம் இருப்பது, ஃபின்னோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதாவது அந்த மூலையில் காற்று எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் போகிறது, தலைகீழாக.

இனி எண்கள். டர்போ காற்று கோருக்குள் நுழையும் இடத்தில் சூட்டை அளக்கும் ஒரு தெர்மோகப்பிள், வெளியேறும் இடத்தில் ஒன்று, இரண்டு இடத்திலும் பிரஷர் கேஜ். செப்பாங்கில் மூன்றாவது சுற்று, பின் நேர்பாதை முடிந்து கடைசித் திருப்பம் திரும்பி முன் நேர்பாதையின் முடிவில் எடுத்த அளவு, வெளியே 34 டிகிரி, மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) 0.8 பார் பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்), ஆர்ஓஎன் 97 பெட்ரோல். கம்பெனியின் பழைய இன்டர்கூலரை அதே நாள் காலையில் ஓட்டி எடுத்தேன், மதியம் அங்கேயே பிட் கராஜில் உட்கார்ந்து உங்களுடையதை மாட்டினேன், சாப்பிடக்கூட இல்லை.

பழையதில் உள்ளே போன காற்று 120 டிகிரி, வெளியே வந்தது 73, நடுவில் இழந்த அழுத்தம் 1.5 பிஎஸ்ஐ. உங்களுடையதில் உள்ளே போனது 130, வெளியே வந்தது 77, இழந்த அழுத்தம் 2.9 பிஎஸ்ஐ, அதாவது 0.2 பார். வெளிக்காற்றைவிடக் கூடுதலான சூட்டில் எவ்வளவைக் குறைத்தது என்று திறனைக் கணக்கிட்டால் இரண்டும் 55 சதவீதம். அதாவது இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன ஒரு பிளாஸ்டிக் டாங்க் இன்டர்கூலரும் உங்கள் 4,200 ரிங்கிட் அலுமினியமும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஆனால் உங்களுடையதில் எஞ்சினுக்கு 4 டிகிரி அதிகச் சூடான காற்று போகிறது. ஏன் என்றால் அந்த 51 மில்லிமீட்டர் வளையம். வழியில் அழுத்தம் தொலைந்தால் பூஸ்ட் கன்ட்ரோலர் சும்மா இருக்காது, மேனிஃபோல்டில் 0.8 வரும்வரை டர்போவை இன்னும் அழுத்தும், அந்தச் சின்ன இரட்டை டர்போ 1.0 பார் அடிக்க வேண்டியிருக்கிறது, அதிகம் அமுக்கினால் அதிகம் சூடு. குளிரவைக்க வாங்கிய சாமான் சூட்டைக் கூட்டிக் கொடுக்கிறது.

உங்கள் ஆள் சொன்ன பதில் என்ன தெரியுமா? "பவர் எஃப்சி கமாண்டரில் ஏர் டெம்ப் பாருங்கண்ணே, நாப்பத்தஞ்சுதான் காட்டும்." கமாண்டர் என்பது எஞ்சின் கம்ப்யூட்டரின் கையடக்கத் திரை, அதற்கு அந்த எண்ணைக் கொடுக்கும் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டில் உட்கார்ந்திருக்கிறது, மெதுவாகத்தான் நகரும். டிராஃபிக்கில் நின்றால் மேனிஃபோல்டின் சூட்டைக் காட்டும், மூன்றாவது கியரில் ஆறேழு விநாடி முழுசாக அழுத்தினால் அது கண் விழிப்பதற்குள் விஷயம் முடிந்துவிடும். எஃப்டி வேலை செய்கிற கடையில் இருப்பவருக்கு இது தெரியவில்லை என்றால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோர் மோசமில்லை. நானே தகரக் கடையில் அலுமினியத் தகடு வாங்கி, கோரின் விளிம்புவரை மூடுகிற மாதிரி ஒரு டக்ட் செய்து, இடுக்கில் ஃபோம் ஒட்டி, மறுபடி ரிப்பன் கட்டிப் பார்த்தேன், ஆறும் பின்பக்கமாக நீட்டிக்கொண்டு பறந்தன. செப்பாங்குக்கு மறுபடி போகக் காசில்லை, ஆனால் அதே 34 டிகிரியில், அதே பூஸ்டில் நெடுநேரம் அழுத்தி ஓட்டும் இடத்தில் எடுத்தபோது 130 உள்ளே, 60 வெளியே, 73 சதவீதம். காற்று சரியாக வந்தால் உங்கள் கோர் வேலை செய்கிறது. 120 ரிங்கிட் தகடு செய்த வேலையை 4,200 ரிங்கிட் செட் செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அழுத்த இழப்பு மட்டும் அப்படியே 2.9, அதை என் டக்ட் என்ன செய்ய முடியும், வளையம் உள்ளே இருக்கிறது.

கடைசியாக, டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டதற்கு நீங்கள் அனுப்பிய அந்த டைனோ கிராஃப். அதை அனுப்பாமலே இருந்திருக்கலாம். எஃப்டியில் இரண்டு டர்போ ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும், 4500 ஆர்பிஎம் வாக்கில் இரண்டாவது சேரும்போது பூஸ்ட் ஒரு தடவை பள்ளத்தில் விழுந்து ஏறும், அதை ஓட்டுகிறவன் முதுகிலேயே உணர்வான். உங்கள் கிராஃபில் பூஸ்ட் கோடு தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கிறது. சரி, ஒற்றை டர்போவுக்கு மாற்றிய வண்டி என்று வைத்துக்கொண்டாலும், 8000 வரை போகிற எஞ்சினை 6500இல் ஏன் நிறுத்தினீர்கள்? அது வேறு ஏதோ பிஸ்டன் வண்டி. என் ட்யூனர் பார்த்த பார்வையிலேயே சிரித்துவிட்டார். "30 குதிரைத்திறன்" அந்த வண்டிக்குக் கூடியிருக்கலாம், என் வண்டிக்கு டைனோவில் உங்கள் டக்டோடு 6 குறைந்தது. இரண்டு ஷீட்டும் இணைத்திருக்கிறேன்.

போன வாரம் பேசியபோது, நானே மாட்டியதால் வாரண்டி கிடையாது என்றீர்கள். நேராக மாட்டிக்கொள்ளலாம் என்று விற்றது நீங்கள், பில்லில் பட்டறையில்தான் மாட்ட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. வளையமும் துகளும் மாட்டுவதற்கு முன்பே இருந்தவை, பெட்டி பிரித்த அன்றே எடுத்த படங்களில் தேதி இருக்கிறது.

எனக்கு வேண்டியது 4,200 ரிங்கிட், முழுசாக. சின்ன பேட்டரி, டைனோ, டிராக் டே செலவு எதையும் கேட்கவில்லை, அதெல்லாம் என் ஆர்வத்துக்கு நான் கட்டிய கட்டணம். வேறு டாங்க் வைத்துத் தருகிறோம் என்று சொல்வதாக இருந்தால், முதலில் ஒரு எஃப்டியில் மாட்டி, முன்னும் பின்னும் அளந்த எண்களைக் காட்டுங்கள், அப்போது யோசிக்கிறேன். விளம்பரத்தில் இருக்கிற அந்த கிராஃபை எப்படியிருந்தாலும் எடுத்துவிடுங்கள், வேறு ஒருவன் அதை நம்பித் துகளைக் கழுவாமல் மாட்டினால் அவன் எஞ்சின் போய்விடும்.

இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போடுவேன். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை அங்கே எடுப்பார்கள், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. பாரத்தை இறக்கி நிரப்பியும் வைத்துவிட்டேன், கையெழுத்துதான் பாக்கி.

இன்டர்கூலரைக் கழற்றி, கழுவி, நீங்கள் அனுப்பிய பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், குருணை போட்ட டப்பாவும் அதோடு இருக்கிறது. சனிக்கிழமை காலை கிள்ளானுக்கு ஒரு வேலையாக வருகிறேன், உங்கள் கடை வழியில்தான். அந்த நேரத்தில் முதலாளி இருப்பாரா என்று மட்டும் சொல்லுங்கள், தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகமாட்டேன்.

இப்படிக்கு,
ஆர்எக்ஸ்-7 வாடிக்கையாளர்
(பில் நகல், படங்கள், டைனோ ஷீட் இரண்டு, ரிப்பன் வீடியோ இணைப்பில்)