பூட்டிய கடையும் நம் நடுக்கடையும்

குயின்ஸ், நியூயார்க்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் அப்பாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஃப்ளஷிங் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. எட்டு மாதங்களாக ஒரு வரிகூட எழுதாமல், போனில் "சாப்பிட்டேன், குளிர்தான் அதிகம்" என்று சொல்லியே காலம் கடத்திவிட்டேன். "பேசினால் மறைத்துவிடுவான், எழுதச் சொல்" என்று அப்பா சொன்னதாக நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகு, எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

சின்னவன் போனில் ஒரு வீடியோ பார்த்தானாம். நியூயார்க்கில் கஞ்சா விற்ற கடைகளுக்கு அதிகாரிகள் சங்கிலி போட்டுப் பூட்டுவதைப் பார்த்துவிட்டு, "இது மாமா வேலை செய்யும் தெருவா?" என்று கேட்டானாம். அந்த வீடியோவில் இருந்தது எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் வேலை பார்த்த கடையும் சென்ற ஜூன் மாதம் அப்படித்தான் பூட்டப்பட்டது. அதை உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

அப்பா முதலில் கேட்கப்போவது, "அது மளிகைக் கடைதானே?" என்பதாகத்தான் இருக்கும். மளிகைக் கடைதான். பால், முட்டை, ரொட்டி, சிகரெட், லாட்டரிச் சீட்டு எல்லாம் இருக்கும். ஒரு மூலையில் அடுப்பு வைத்து, காலையில் வேலைக்கு ஓடுபவர்களுக்கு ரொட்டியில் முட்டை வைத்துக் கொடுப்போம். முன்பு வேலை பார்த்த உணவகம் மூடப்பட்ட பிறகு எனக்குக் கிடைத்த அந்த அடுப்பு வேலையை நான் விரும்பித்தான் செய்தேன். 2022ஆம் ஆண்டுக் கடைசியில் முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் மிட்டாய் உறைகளைப் போலப் பளபளக்கும் பொட்டலங்கள் இருந்தன. என்னையும் அந்தப் பக்கம் நின்று விற்கச் சொன்னார். என்னால் முடியாது, என் குடியுரிமை விண்ணப்பத்துக்கு அது கேடாக முடியும் என்று சொல்லி, நான் அடுப்பை விட்டு நகரவில்லை. அவர் கெட்டவர் அல்லர். கடை வாடகை ஏறிக்கொண்டே போனது. அடுத்த தெருவில் எல்லோரும் விற்கிறார்களே என்று துணிந்துவிட்டார்.

இங்கே கஞ்சா குற்றமில்லையே என்று அத்தான் சொன்னதாக எழுதியிருந்தாய். அது பாதி உண்மை. 2021 மார்ச் 31ஆம் தேதி இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 21 வயது நிறைந்தவர்கள் குறிப்பிட்ட அளவு வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம். ஆனால் விற்பதற்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற முதல் கடை திறந்தது 2022 டிசம்பர் 29ஆம் தேதிதான். வைத்துக்கொள்வது குற்றமில்லை, ஆனால் முறையாக வாங்க ஒரு கடையும் இல்லை என்றிருந்த அந்த இருபத்தொரு மாதங்களில்தான், மழைக்குப் பின் காளான் முளைப்பதுபோல இந்தக் கடைகள் தெருவெங்கும் முளைத்தன. முதலில் அரசின் கையில் பலமான தண்டனை இல்லை. சரக்கைப் பிடித்துக்கொண்டு போனால் மறுநாள் காலையில் வேறு சரக்கு வந்துவிடும்.

2023 மே மாதம் சட்டத்தை இறுக்கினார்கள். உரிமமின்றி விற்றால் ஒரு நாளைக்கு 10,000 டாலர் வரையிலும், மிக மோசமாக நடந்துகொண்டால் ஒரு நாளைக்கு 20,000 டாலர் வரையிலும் அபராதம் விதிக்கலாம் என்றார்கள். பத்தாயிரம் டாலர் என்றால் நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல். அதுவும் ஒரே நாளுக்கு. அப்போதும் பலர் பயப்படவில்லை. அபராதம் காகிதத்தில் இருக்கும், வசூலாவதற்குள் கடையின் பெயர் மாறிவிடும் என்று எங்கள் தெருவில் வெளிப்படையாகவே பேசினார்கள். 2024 ஏப்ரலில் வந்த திருத்தம்தான் நிலைமையை மாற்றியது. நகரத்தின் ஷெரிப் அலுவலகமே சோதனை போட்டு, அந்த இடத்திலேயே கடையைப் பூட்டலாம். விசாரணைக்குப் பிறகு அந்தப் பூட்டு ஓராண்டு வரை நீடிக்கலாம். சிகரெட், மது, லாட்டரி உரிமங்களும் கையைவிட்டுப் போகலாம். மே மாதம் தொடங்கிய அந்த நடவடிக்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் பூட்டப்பட்டன. கடையின் மொத்த வியாபாரத்தில் கஞ்சா மிகச் சிறு பங்குதான் என்றால் உடனே பூட்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு. முதலாளி அதைத்தான் நம்பியிருந்தார். ஆனால் பெட்டியிலும் பின்னறையிலும் இருந்ததை எண்ணி முடித்தபோது, அதைச் சிறு பங்கு என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அன்று பிற்பகல் இரண்டு மணி இருக்கும். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பொட்டலங்களை எண்ணிப் பைகளில் போட்டுக் கட்டினார்கள். என் பெயரைக் கேட்டார்கள், அடுப்பு வேலை என்றேன், போகலாம் என்றார்கள். யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. பிறகு இரும்புக் கதவை இறக்கி, பெரிய அறிவிப்புத் தாளை ஒட்டி, பூட்டைப் போட்டார்கள். அந்த முத்திரையை உடைத்தால் அது தனிக் குற்றம். பாலும் முட்டையும் நான் அரிந்து வைத்த வெங்காயமும் உள்ளேயே கிடந்தன.

அக்கா, என் சாப்பாட்டுச் சம்படமும் உள்ளேயே இருக்கிறது. அம்மாவின் எவர்சில்வர் சம்படம். மூடியில் அவள் பெயரைப் புள்ளி புள்ளியாய் வெட்டியிருக்குமே, அதுதான். கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு நா எழவில்லை. பூட்டு விழுந்த சத்தத்தில், அப்பா கடை எடுத்துவைக்கும் இரவுகள் நினைவுக்கு வந்தன. பலகைகளை எண் பார்த்து ஒவ்வொன்றாகச் சொருகி, திண்டுக்கல் பூட்டைப் போட்டு, மூன்று முறை இழுத்துப் பார்த்து, சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாரே. அம்பது வருடங்களாக அந்தப் பூட்டில் அப்பாவின் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. அவருடைய மகன் வேலை பார்த்த கடையைச் சர்க்கார் பூட்டியது என்று எந்த வாயால் நான் சொல்வேன்? அன்று நடைபாதையில் வெகுநேரம் நின்றிருந்தேன். ஊருக்கு வந்துவிடலாம் என்று மனம் கிடந்து துடித்தது. மகாமகக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடித்தால் போதும் என்றிருந்தது.

எதிர் அறைப் பெரியவரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேனே, சுரங்க ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கறுப்பினத்தவர். பனியோ மழையோ, தினமும் மாலையில் நடக்கப் போவார். வழியில் இருக்கும் ஒவ்வொரு கஞ்சாக் கடை முன்பும் நின்று, ஜன்னலில் அரசு கொடுத்த சதுரக் குறியீடு ஒட்டியிருக்கிறதா என்று கைபேசியை நீட்டிச் சோதிப்பார். உரிமம் உள்ள கடை என்றால் அந்தக் குறியீடு இருக்க வேண்டும். இல்லாத கடைகளை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பார். ஏன் இந்த வேலை என்று நெடுநாள் புரியவில்லை. அவருடைய மகன் பத்தொன்பது வயதில் ஒரு சிறு பொட்டலத்துடன் பிடிபட்டு, அந்த வழக்கால் பல வருடங்கள் நல்ல வேலை எதுவும் கிடைக்காமல் அலைந்தவன். முதல் உரிமங்கள் இப்படிப் பழைய சட்டத்தால் தண்டிக்கப்பட்டவர்களுக்கே என்று மாநிலம் அறிவித்ததும், அவன் விண்ணப்பித்தான். 2023 ஆகஸ்டில் ராணுவத்தில் பணியாற்றிய நால்வர், தங்களுக்கும் முன்னுரிமை உண்டு என்று வழக்குப் போட, நீதிமன்றம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. அது தீர மாதங்கள் ஆயின. சட்டத்தை மதித்தவன் காலிக் கடைக்கு வாடகை கட்டிக்கொண்டு காத்திருந்தான். மதிக்காதவர்கள் எதிர்ப்புறத்திலேயே பரிசோதனையும் இல்லாமல், 13 சதவீத வரியும் கட்டாமல் விற்றுக்கொண்டிருந்தார்கள். இதை அவர் வாயால் கேட்ட பிறகு, எங்கள் கடை பூட்டப்பட்டது அநியாயம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்று அவர் நோட்டில் எங்கள் கடையையும் குறித்துக்கொண்டார்; இரவில் எனக்குச் சூடாக ஒரு கிண்ணம் சூப்பும் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் மகன் கடை சென்ற ஐப்பசியில் திறந்தது. என்னை வேலைக்குக் கூப்பிட்டான். சம்பளமும் நல்ல சம்பளம். நான் போகவில்லை. அத்தானுக்கு இது வியப்பாக இருக்கும். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சா இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள்தான். குடியுரிமை கொடுப்பது மத்திய அரசு. உரிமம் பெற்ற கடையில் நேர்மையாக வேலை செய்தாலும், குடியுரிமை இல்லாதவனின் நன்னடத்தைக்கு அது குறையாகலாம் என்று 2019லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே பிறந்தவனுக்கு அபராதத்தோடு போவது, என்னைப் போன்றவனுக்கு நாடு கடத்தும் வரை போகலாம். அதனால் இப்போது ஒரு இனிப்புக் கடையின் சமையலறையில் இருக்கிறேன். வேலை நேரம் குறைவு. நல்ல ஓய்வு கிடைக்கிறது. அறையில் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பேச்சுத் துணையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய், கீழே கேன்டீனில் தோசை சாப்பிடுகிறேன். நேற்றிரவு பனி பெய்தது; இன்று போக முடியவில்லை. நாளை மறுநாள் தைப்பூசத்துக்குப் போய்விடுவேன்.

இப்போது நம் நடுக்கடையை வாடகைக்கு விடும் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். தையற்காரர் காலி செய்த கடைக்கு, அவர் கொடுத்த 7,500 ரூபாய்க்குப் பதிலாக 18,000 தருகிறேன் என்று வெளியூர்க்காரர் ஒருவர் வந்திருக்கிறார்; மூன்று லட்சம் முன்பணம் தருகிறார்; பீடாவும் ஜூஸும் விற்கப்போவதாகச் சொல்கிறார்; பத்திரம் வேண்டாம் என்கிறார்; பின்பக்கச் சந்துக் கதவின் சாவி கட்டாயம் வேண்டும் என்கிறார். எதிரே பள்ளிக்கூடம். அக்கா, பீடாக் கடைக்கு எதற்குச் சந்துக் கதவு? அந்தத் தெருவில் ஜூஸ் விற்று யாரால் 18,000 வாடகை கொடுக்க முடியும்? அவர் நல்லவராகவே இருக்கலாம். முகம் பார்க்காமல் பழி சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் எங்கள் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். தெரிந்தே இடம் கொடுத்த கட்டட உரிமையாளருக்கு, எச்சரிக்கைக்குப் பிறகும் விற்பனை நடந்தால் 5,000 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 10,000 டாலர் என்று இந்த நகரத்தில் தனிச் சட்டமே இருக்கிறது. வாடகை வந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்ட அந்த மனிதர், எட்டு மாதங்களாக வாடகையும் இல்லாமல், வக்கீலுக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நம் ஊரில் இதைவிடக் கடுமை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி ஒரு கிலோவுக்கு உட்பட்ட கஞ்சாவுக்கே ஓராண்டு வரை சிறை; அதற்கு மேல் போனால் பத்தாண்டு, இருபது கிலோவைத் தாண்டினால் இருபதாண்டு வரை. அதே சட்டத்தின் 25ஆவது பிரிவு, தெரிந்தே தன் இடத்தை அதற்கு விட்ட சொந்தக்காரருக்கும் அதே தண்டனை என்கிறது. கஞ்சா வேண்டாம், குட்கா விற்றாலே கடைக்குச் சீல் வைக்கிறார்கள். இந்த வயதில் அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து, "தெரியுமா, தெரியாதா?" என்று கேட்க நாம் விடலாமா?

எனவே நீ செய்ய வேண்டியது இதுதான். முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கையில் வாங்காதே. வாங்கியிருந்தால் அத்தானை அனுப்பித் திருப்பிக் கொடுத்துவிடு. யாருக்கு விட்டாலும் என்ன வியாபாரம் என்று எழுதி, புகையிலை, போதைப்பொருள் விற்றால் உடனே காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்து, வாடகை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். சந்துக் கதவின் சாவி அப்பாவிடமே இருக்கட்டும். மேலத்தெரு மாமாவின் மருமகள் தையல் வகுப்பு நடத்த இடம் தேடுகிறாள் என்று பொங்கலுக்குப் பேசும்போது சொன்னாயே, அவளிடம் கேட்டுப் பார். 8,000 கொடுத்தாலும் போதும். அப்பாவின் கண்புரை அறுவைக்கு அந்த முன்பணத்தை நம்பியிருப்பது எனக்குத் தெரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பங்குனி பிறந்ததும் பாதியை அனுப்புகிறேன், மீதியைச் சித்திரையில் அனுப்புகிறேன். அறுவை நாளை அதற்கேற்ப டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்.

ஜூனில் கடையைத் திறக்கும்போது சம்படத்தை எடுத்து வைப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் அதைப் பற்றி இப்போது சொல்ல வேண்டாம். மற்றவற்றையெல்லாம் படித்துக் காட்டு. ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் வரைவை எனக்கு அனுப்ப மறந்துவிடாதே.

உன் அன்புத் தம்பி