மலாவிக்குத் தர்ற உதவி யாருக்குப் போகுதுன்னு ஊர்ல எழுதி ஒட்டணும் - கோரிக்கை மனு

பெறுநர்: மாண்புமிகு இந்திய ஹை கமிஷனர் அவர்கள், லிலாங்வே, மலாவி.

ஐயா, வணக்கம். நான் இங்க விவசாய மெஷின் லைன்ல வேலை பார்க்கிற தமிழ்நாட்டு ஆளுங்க. நம்ம நாடு இந்த ஜனங்களுக்குச் செய்யிறது வீணாப் போகக்கூடாதுங்கிற ஆதங்கத்துல எழுதுறேன்.

நம்ம அரசோட ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் பேங்க் மலாவிக்குக் குடுத்த 5 கோடி டாலர் கடன்ல 177 டிராக்டரும் 144 மக்காச்சோளம் உதிர்க்கிற மெஷினும் வந்து இறங்குச்சு, சின்ன விவசாயிங்களுக்குன்னு சொல்லித்தான் வாங்குனாங்க, ஆனா அதுல நிறைய அரசியல்வாதிங்களும் அதிகாரிங்களும் சல்லிசா வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு அப்போ இங்க அரசு முறைகேடுகளை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேனா இருந்த மார்த்தா சிசூமா 2016ல அறிக்கையா போட்டு உடைச்சாங்க. கோர்ட்டுக்குப் போயும் அந்த அறிக்கை நின்னுச்சு.

இன்னைக்கும் அக்டோபர் வெயில்ல போய்ப் பாருங்க ஐயா, மழைக்கு முன்னாடி பார் பிடிக்கணும்னு பொம்பளைங்க முதுகுல புள்ளையைக் கட்டிக்கிட்டு மம்பட்டியால வெட்டிக்கிட்டு இருப்பாங்க. டிராக்டரைக் கண்ணால பார்க்காத இவங்க தலையிலதான் அந்தக் கடனும் விழுது. கடன் டாலர்ல, 2023 நவம்பர்ல இந்த நாட்டுப் பணமான குவாச்சாவோட மதிப்பை இறக்குனதுல டாலர் விலை 44% ஏறுச்சு, வாங்கினப்போ இருந்ததை விட பாரம் இப்போ ரொம்ப ஏறிடுச்சு. கடலே இல்லாத நாடு வேற, டீசல், உரம், ஸ்பேர் எல்லாமே பக்கத்து நாட்டுத் துறைமுகமான பெய்ராவோ நக்காலாவோ தாருஸ்ஸலாமோ சுத்தி லாரிலயோ ரயில்லயோ வரணும், அந்த வாடகையும் விவசாயி தலையிலதான்.

உதவியே வேணாம்னு சொல்ல வரல. 2024 வறட்சில நாம அனுப்புன 1000 டன் அரிசி பசிக்கு வந்த அரிசி, அதுல எனக்குப் பெருமைதான்.

நான் கேட்கிறது இதுதான். இனி கடனோ மெஷினோ அரிசியோ எது வந்தாலும், எந்த ஊருக்கு எத்தனை, யார் பேர்ல, என்ன விலைக்குன்னு இங்கத்த ஜனங்க பேசுற சிச்சேவா மொழில ஊர்ப் பொது இடத்துல ஒட்டணும்னு ஒப்பந்தத்துலயே ஒரு ஷரத்து போடுங்க. நம்ம ஊர் நூறு நாள் வேலைல சோஷியல் ஆடிட் வச்ச மாதிரி ஜனங்களே கூடி சரிபார்க்கட்டும். அதோட நம்ம அரசு வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்கிற ஐடெக் பயிற்சில இங்கத்த பசங்களை டிராக்டர் மெக்கானிக் வேலைக்கு எடுத்து, ரெண்டு வருஷ ஸ்பேரையும் மெஷினோடவே அனுப்பச் சொல்லுங்க.

பழைய டிராக்டருங்க இப்போ யார்கிட்ட இருக்குன்னு மலாவி அரசுகிட்ட எழுத்துல கேட்டு, வர்ற பதிலை வெளியிடணும்னும் பணிவோட கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
லிலாங்வேயில் வேலை பார்க்கும் ஒரு தமிழர்